நம்ம வீடு கடைசி

நவம்பர் 2

பட்டாணிக்கு,

நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். உன் அண்ணன் விமானம் இறங்கிவிட்டதா என்று போனைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிட்டார். இறங்கியதும் அத்தை மாடிப்படியில் நின்று, "என் பொண்ணு வெளிநாட்டுல இறங்கிட்டா" என்று எதிர்வீட்டுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். எதிர்வீட்டுக்காரம்மா என்னைப் பார்த்தார். நான் கேபிள் சுற்றிக்கொண்டிருந்தேன்.

வழியனுப்ப வரவில்லை என்று கோபமாக இருப்பாய். கார் கிளம்பும்போது நான் தண்ணீர் டேங்க் மேலே இருந்தேன். ஆன்டெனாவில் ஒரு கோளாறும் இல்லை. சும்மாதான் ஏறினேன்.

போனில் பேசாமல் ஏன் மெயில் என்று கேட்பாய். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ திரும்பக் கத்துவாய், நடுவில் அத்தை போனைப் பிடுங்கி அழுவார். எழுதினால் அந்தத் தொல்லை இல்லை.

நேராகவே சொல்கிறேன். எனக்கு வயிறு எரிகிறது. இணையத்துக்கு யார் விதி போடுவது, யார் கேள்வி கேட்பது என்று உலகம் முழுக்க இருந்து வந்து உட்கார்ந்து பேசுகிற மாநாடு அது. டேங்க் மேலே ஆன்டெனா கட்டி ஒரு பேட்டைக்கே இணையம் கொடுக்கிற ஒருத்திக்கு அங்கே ஒரு நாற்காலி இருக்காதா என்று மூன்று வருஷமாக விண்ணப்பம் போட்டேன். மூன்று முறையும் வருந்துகிறோம் என்று பதில் வந்தது. நீ ஒரு நாள் டீ குடித்துக்கொண்டே விளையாட்டாகப் போட்டாய். உன்னைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

இந்த நெட்வொர்க்கை ஆரம்பித்தது நான், ஏறுவது நான், மழையில் நனைவது நான், நீ கீழே உட்கார்ந்து "ஹலோ, ரவுட்டரை ஒரு தடவை அணைச்சுப் போட்டீங்களா" என்று கேட்கிறவள் என்று உன் முகத்துக்கு நேரே சொன்னேன். சொன்ன விதம் தப்பு. சொன்னதில் பொய் இல்லை.

போன காரியத்தை மறந்துவிடாதே. பொதுத் தண்ணீர் டேங்குகளில் நம்மைப் போன்ற சின்ன நெட்வொர்க்குகளின் ஆன்டெனா இருக்கக் கூடாது, வருஷ முடிவுக்குள் இறக்கிவிட வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. இறக்கினால் நம் கதை முடிந்தது. அந்த ஆணையத்து அதிகாரி அங்கே வருகிறார். இங்கே அவரைப் பார்க்கப் போனால் வாசலிலேயே நிறுத்துகிறார்கள். அங்கே காபி வரிசையில் உன் பின்னாலேயே நிற்பாராம். அவரிடம் சொல். வாய் இருக்கிறது என்று வளவளக்காமல் சொல்.

நம் ஆபீஸ் வழக்கப்படி முடிக்கிறேன். புகார்: பொறாமை. காரணம்: நீ. செய்தது: ஒன்றுமில்லை. புகார் கொடுத்தவர் "சரியாயிடுச்சு" என்று தன் வாயால் சொல்லும்வரை புகாரை மூடக் கூடாது என்பது நீ போட்ட விதி. அதனால் இது திறந்தே இருக்கும்.

அண்ணி


நவம்பர் 4

அண்ணிக்கு,

உங்கள் மெயிலை மூன்று முறை படித்தேன். முதல் முறை கோபம் வந்தது, இரண்டாவது முறை அழுகை வந்தது, மூன்றாவது முறை "செய்தது: ஒன்றுமில்லை" என்பதில் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் நகர்ந்து உட்கார்ந்தார்.

இந்த இடத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கண்ணாடிக் கட்டடம், ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு அறைகளில் கூட்டம். எந்த அறைக்குப் போனாலும் பக்கத்து அறையில்தான் முக்கியமானது நடக்கிறது என்று தோன்றுகிறது. ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு ஹெட்போன். காதில் வைத்தால் யாரோ ஒருவர் மூச்சுவிடாமல் மொழிபெயர்க்கிறார். நேற்று ஒரு கூட்டம் முழுக்கத் தலையாட்டிவிட்டு வெளியே வந்து, அவர்கள் எதைப் பற்றிப் பேசினார்கள் என்று காவலாளியிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

முதல் தடவை வருகிறவர்களுக்குத் தனிக் கூட்டம் வைத்தார்கள். எங்கள் பேட்ஜில் மஞ்சள் பொட்டு ஒன்று ஒட்டினார்கள், வழி தெரியாமல் திரிந்தால் யாராவது உதவட்டும் என்று. பேட்ஜ் வாங்கும் இடத்தில், "நீங்க அரசா, கம்பெனியா, தொழில்நுட்பமா, பொதுமக்கள் அமைப்பா?" என்று கேட்டார்கள். தொழில்நுட்பம் என்று சொன்னேன். உங்களுக்குக் கோபம் வரும் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

ஒரு வேடிக்கை. இணையத்தையே கட்டி மேய்க்கிறவர்கள் கூடியிருக்கிற இடத்தில் வைஃபை போய்விட்டது. பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் போனைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். என் வாய் சும்மா இருக்குமா? பக்கத்தில் இருந்தவரிடம், "ஒரு தடவை அணைச்சுப் போட்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் ஏதோ ஒரு நாட்டின் அமைச்சராம். அணைத்துப் போட்டார். வந்துவிட்டது.

அதிகாரியைத் தூரத்தில் பார்த்தேன். சுற்றி நாலு பேர். காபி வரிசைக்கு அவர் வருவதே இல்லை, அவருக்குக் காபி வருகிறது. நாளைக்குப் பார்க்கிறேன். நாளைக்கு எனக்கும் ஒரு சின்னக் கூட்டத்தில் பேச்சு இருக்கிறது, நம் நெட்வொர்க்கைப் பற்றி.

அம்மாவிடம் நேற்று சாயங்காலம் வீடியோவில் பேசினேன். பேசினேன் என்ன, அம்மாவின் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். படம் அப்படியே நின்றுவிட்டது. எனக்குத் தெரியும், சாயங்காலம் எல்லாரும் லைனில் இருக்கும் நேரம், முதலில் கிளினிக், அப்புறம் படிக்கிற பிள்ளைகள், அப்புறம் மற்ற வீடுகள், நம்ம வீடு கடைசி. "நடத்துறவங்க வீட்டுக்கு மட்டும் நல்லா வருமே" என்று முதல் வருஷம் ஒருவர் சொன்னதற்காக நீங்கள் போட்ட விதி. இத்தனை வருஷம் கழித்தும் அந்த மனிதருக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறீர்கள். பெற்ற பெண் வெளிநாட்டில் இருந்து கூப்பிடும்போதாவது தளர்த்தக் கூடாதா?

கோட் வைத்ததற்கு நன்றி. பெட்டியைத் திறந்ததும் மேலேயே இருந்தது. கோபத்திலும் வைத்தீர்களே என்று இருந்தது.

பட்டாணி


நவம்பர் 5

கோட்டை நான் வைக்கவில்லை. அத்தை என் அலமாரியிலிருந்து எடுத்து வைத்திருக்கிறார். முதல் தடவை விண்ணப்பம் போட்டபோது, அங்கே குளிருமே என்று நான் வாங்கி வைத்தது அது. ஒரு நாள்கூடப் போட்டதில்லை. இன்று மத்தியானம் நேரலையில் என் கோட்டைத்தான் முதலில் பார்த்தேன். அப்புறம்தான் அதற்குள் நீ இருந்தாய்.

அது போகட்டும். நீ போட்டுக் காட்டிய படத்தைப் பார்த்தேன். டேங்க் மேலே, கம்பத்தில் பெல்ட்டோடு, ஹெல்மெட்டோடு, முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். உன் அண்ணன் எடுத்த படம். முகம் தெரியாது. கூட்டத்தை நடத்தியவர் உன்னைப் பார்த்து, "முதல் தடவை ஏறினப்போ பயமா இருந்துச்சா?" என்று கேட்டார்.

நீ என்ன சொன்னாய்? "மொத தடவை மட்டும்தான்" என்றாய். சிரித்தாய் வேறு. கைதட்டினார்கள்.

நாற்காலி மேலே ஏறி பல்பு மாற்றக்கூட அண்ணனைக் கூப்பிடுகிறவள் நீ. இரண்டாவது மாடி பால்கனியில் துணி காயப்போடும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு போகிறவள். அந்த முதுகு என்னுடையது. அந்த டேங்க்கில் இந்த ஊரில் வேறு யாருக்கும் இல்லாத ஒரே ஒரு இடம் எனக்கு இருக்கிறது. நாற்காலியை எடுத்துக்கொண்டாய், கோட்டை எடுத்துக்கொண்டாய், பேட்ஜில் தொழில்நுட்பத்தை எடுத்துக்கொண்டாய். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். முதுகையும் எடுத்துக்கொண்டால் என்னிடம் என்ன மிச்சம் இருக்கிறது, சொல்.

உன் அண்ணன் பக்கத்தில்தான் உட்கார்ந்து பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. "ஏதோ வாய் தவறி சொல்லிட்டா" என்றார். வாய் தவறினால் ஒரு வார்த்தை தவறும், சிரிப்பும் சேர்ந்தா தவறும்?

ஏறினேன் என்று சொல்லிவிட்டாய் அல்லவா? வந்ததும் ஏறு. பெல்ட் நான் தருகிறேன். அதுவரைக்கும் என்னிடம் பேசாதே.

அண்ணி


நவம்பர் 6

அண்ணிக்கு,

பேசாதே என்றீர்கள், எழுதாதே என்று சொல்லவில்லை.

மன்னிப்புக் கேட்டு ஒரு மெயில் எழுதி அழித்துவிட்டேன். இது வேறு.

நீங்கள் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறார், அது நீங்கள். அம்மா காய் வாங்கப் போனால் காய்க்காரரிடம், "என் மருமக டேங்க் மேல ஏறுவா தெரியுமா" என்கிறாள். அண்ணன் ஓட்டுகிற பஸ்ஸில் கண்டக்டருக்குக்கூட உங்கள் கதை தெரியும். ஊரில் உங்களுக்கு டவரம்மா என்று பெயர். எனக்கு என்ன பெயர்? போன் எடுக்கிற பொண்ணு. நான் ஒரு நாளைக்கு எத்தனை பேர் திட்டுவதைக் கேட்டுக்கொண்டு குரலை உயர்த்தாமல் பதில் சொல்கிறேன் என்று யாராவது காய்க்காரரிடம் சொன்னார்களா? நீங்கள் ஒரு மணி நேரம் மேலே ஏறிச் சரிசெய்துவிட்டு இறங்குவீர்கள், எல்லாரும் அண்ணாந்து பார்ப்பார்கள். அந்த ஒரு மணி நேரமும் போனில் அவர்களை ஓடிப்போகாமல் பிடித்து வைத்திருந்தது யார்?

அவர் அந்தக் கேள்வியைக் கேட்டபோது அறை முழுக்க என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். நம் தெருவில் உங்களைப் பார்ப்பார்களே, அதே பார்வை. பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன், என் மேல் பட்டதில்லை. ஒரு நிமிஷம் அதை வைத்துக்கொள்ளலாம் என்று ஆசை வந்தது. வைத்துக்கொண்டேன். அறைக்கு வந்து கோட்டைக் கழற்றும்போது அசிங்கமாக இருந்தது.

உங்களுக்கு மட்டும்தான் வயிறு எரியும் என்று நினைக்காதீர்கள்.

இப்போது காரியம். நாளைக்குக் கடைசி நாள். பெரிய கூடத்தில் திறந்த மைக். யார் வேண்டுமானாலும் வரிசையில் நின்று இரண்டு நிமிஷம் பேசலாம். மேடையில் நம் ஆணையத்து அதிகாரியும் உட்கார்ந்திருப்பார், எழுந்து போக முடியாது. கூடத்திலிருந்து ஒருவர், தூரத்திலிருந்து இணையம் வழியாக ஒருவர் என்று மாறி மாறிக் கூப்பிடுவார்கள். வெளியே இருக்கிறவர்கள் பதிவு செய்யும் சுட்டியைக் கீழே கொடுத்திருக்கிறேன். உங்கள் நெட்வொர்க்கைப் பற்றி நீங்களே பேசுங்கள். இங்கே பிற்பகல், அங்கே ஏழு மணி வாக்கில் வரும்.

நானும் பெயர் கொடுத்திருக்கிறேன். பார்க்கலாம், யார் நன்றாகப் பேசுகிறார்கள் என்று.

பட்டாணி


நவம்பர் 7, காலை

பதிவு செய்துவிட்டேன். உனக்கு முந்தின ஆளாக என் பெயர் வந்திருக்கிறது, பார்த்தாயா?

பேச்சு தயார். காற்றின் வேகம், கம்பத்தின் எடை, டேங்க்கின் கூரை தாங்கும் பாரம், எல்லாம் இருக்கிறது. உன் அண்ணன் முன்னால் பேசிப் பார்த்தேன். நடுவில் தூங்கிவிட்டார், ராத்திரி ஷிப்ட் ஓட்டிய களைப்பு.

நடுவில் லிங்க் அறுந்துவிடுமோ என்று கவலைப்படாதே. அது என் லிங்க்.

நீ போன் எடுப்பதைப் பற்றி எழுதியிருந்தாய். நேற்று உன் இடத்தில் நான் உட்கார்ந்து போன் எடுத்தேன். மூன்றாவது ஆளிடமே சண்டை வந்துவிட்டது. இதற்கு மேல் அதைப் பற்றி என்னிடம் எதுவும் எதிர்பார்க்காதே.

அண்ணி


நவம்பர் 8

அண்ணிக்கு,

ஏர்போர்ட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். நேற்றிலிருந்து உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. நடந்தது உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்று தெரியாததால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

கூடம் நிரம்பி வழிந்தது. நான் மைக் வரிசையில் நின்றேன். கையில் என் பேச்சு. எனக்கு முன்னால் நின்றவர் முடித்ததும், மேடைக்கு மேலே இருக்கும் பெரிய திரையில் நீங்கள் வந்தீர்கள். வீட்டுச் சுவர் அளவு பெரிதாக. தலைவாரி, நல்ல உடை உடுத்தியிருந்தீர்கள், ஓரத்தில் விளக்குப் பிடித்துக்கொண்டு நிற்கும் அண்ணனின் முழங்கை. வணக்கம் சொல்ல வாயைத் திறந்தீர்கள். திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது. ஒரு கண் பாதி மூடி. சத்தம் இல்லை.

எல்லாரும் காத்திருந்தார்கள். பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். தலைவர், "இணைப்புச் சரியில்லை, அடுத்தவர் பேசலாம்" என்று என்னைக் கை காட்டினார்.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு கணம்தான், ஆனால் இருந்தது. அப்புறம் திரையில் அந்த வாயைப் பார்த்தேன். உங்கள் லிங்க் ஒருநாளும் அறுந்து போகாதே என்று நினைத்தேன். அப்புறம்தான் நம் ஊரில் மணி ஏழு என்று உறைத்தது. என் பேச்சை மடித்துக் கோட் பையில் வைத்துவிட்டேன். அங்கே பேசியது வேறு மொழியில். உங்களுக்கு நம் பேச்சிலேயே சொல்கிறேன்.

"அந்த ஸ்கிரீன்ல இருக்கறது எங்க அண்ணி. அன்னைக்கு நீங்க பாத்த போட்டோல கம்பத்து மேல நின்னதும் அவங்கதான். நான் இல்ல. பயமா இருந்துச்சான்னு கேட்டப்போ நான் சொன்னது பொய். எனக்கு நாற்காலி மேல ஏறினாலே தலை சுத்தும். அவங்க ஏன் இப்படி நிக்கறாங்க தெரியுமா? லைன் மோசம் இல்ல. எங்க ஊர்ல இப்ப மணி ஏழு. எல்லாரும் லைன்ல இருக்கற நேரம். எங்க நெட்வொர்க்குல மொதல்ல கிளினிக், அப்புறம் படிக்கற பசங்க, அப்புறம் மத்த வீடு, எங்க வீடு கடைசி. அந்த விதிய போட்டது அவங்கதான். ஒரு பட்டன அமுக்கினா இப்ப வந்து உங்ககிட்ட பேசலாம். அமுக்க மாட்டாங்க. எனக்கு அவங்கள தெரியும். இந்த டேங்க்ல இருந்து எங்கள எறக்கணும்னா எறக்குங்க சார். எங்களுக்குப் பதிலா வர்றவங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி மட்டும் கேளுங்க. வரிசையில உங்க மொதலாளி வீடு எத்தனாவது?"

நேரம் காட்டும் விளக்கு சிவப்பாகிவிட்டது. அப்புறம் கைதட்டினார்கள், எழுந்து நின்று தட்டினார்கள். ஆனால் அண்ணி, யாரும் என்னைப் பார்த்துத் தட்டவில்லை. திரையைப் பார்த்துத் தட்டினார்கள். நீங்கள் வாயைத் திறந்துகொண்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நின்றீர்கள். பேசியது நான். தொண்டை வறண்டது எனக்கு. ஒரு வார்த்தை பேசாமல் கூடத்தையே வாங்கிக்கொண்டு போய்விட்டீர்கள். இதற்கு மேல் ஒரு மனுஷி எப்படிப் பொறாமைப்படாமல் இருக்க முடியும்?

வெளியே வந்தால், அதிகாரி காபி வரிசையில் நிற்கிறார். தானாக வந்து நின்றிருக்கிறார். "அந்தம்மா எப்பவுமே இப்படித்தானா?" என்று கேட்டார். "கூட இருந்து பாருங்க சார், தெரியும்" என்றேன். சிரித்தார். நோட்டீஸை நிறுத்தி வைக்கிறேன், நேரில் வந்து டேங்க்கைப் பார்க்கிறேன் என்றார். பேச்சுக்குச் சொன்னாரா, வருவாரா என்று தெரியவில்லை. தன் கார்டில் பின்பக்கம் போன் நம்பர் எழுதிக் கொடுத்தார்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். போன் டேட்டாவில் பேசியிருக்கலாமே? அண்ணன் போனில் வேறு கம்பெனி சிம்தானே இருக்கிறது?

பட்டாணி


நவம்பர் 8, சாயங்காலம்

பட்டாணிக்கு,

நம் நெட்வொர்க்கைப் பற்றிப் பேச அடுத்தவன் நெட்வொர்க்கிலா போவேன்? உன் அண்ணனும் இதைத்தான் சொன்னார், போனை நீட்டிக்கொண்டு. விளக்கை ஒழுங்காகப் பிடியுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

நேற்று என் பக்கம் நடந்ததைச் சொல்கிறேன். வணக்கம் என்றேன், உங்கள் கூடம் என் திரையில் அப்படியே நின்றது. முன் வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டபடி. எனக்கு உடனே புரிந்துவிட்டது. மூன்று வருஷம் காத்திருந்து, தலைவாரி, அத்தையின் நல்ல தோடு இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவளுக்கு, ஏழு மணி என்றால் என்ன என்பது மட்டும் தோன்றவே இல்லை. அந்த நேரத்தில் நம் வீட்டில் ஒன்றும் வராது என்று ஊருக்கே தெரியும். விதியைப் போட்டவள் மறந்துவிட்டேன்.

பட்டன் பக்கத்திலேயே இருந்தது. கை போனது. கிளினிக் லைன் ஓடிக்கொண்டிருந்தது, பிள்ளைகள் லைன் நிறைந்திருந்தது. எனக்கு இரண்டு நிமிஷம் போதும், யாருக்கும் தெரியாது. உன் அண்ணன்கூட, "அமுக்கும்மா, இன்னைக்கு ஒரு நாள்தானே" என்றார். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அப்புறம் சமையலறைக்குப் போய் அழுதேன். அத்தை வந்து தோட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டார்.

இன்று காலைதான் பதிவைப் பார்த்தேன். நன்றாகப் பேசினாய். நான் பேசியிருந்தால் காற்றின் வேகத்தையும் கம்பத்தின் எடையையும் சொல்லிக் கூடத்தையே தூங்க வைத்திருப்பேன். உனக்குத் தெரிந்த ஒரே ஒரு விஷயத்தை எடுத்து வைத்தாய், அது போதுமாக இருந்தது. அதுதான் இன்னும் எரிகிறது. நீ மோசமாகப் பேசியிருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும் தெரியுமா?

கைதட்டல் எனக்கு என்கிறாய். அந்தக் கூடத்தில் நின்ற கால் உன்னுடையது. பதிவில் என் முகத்தைப் பார்த்தேன், பல் மருத்துவரிடம் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது. அதை உலகமே பார்த்ததற்கு நான் சந்தோஷப்பட வேண்டுமா?

உண்மையைச் சபையில் சொன்னாய். சாப்பாடு எடுத்து வைக்கிறேன், வந்து சேர்.

புகார் இன்னும் திறந்துதான் இருக்கிறது. டேங்க்கும் அங்கேயேதான் இருக்கிறது.

அண்ணி


மார்ச் 14

அண்ணிக்கு,

போய்ச் சேர்ந்தீர்களா? இப்போது உங்கள் பேட்ஜில் மஞ்சள் பொட்டு ஒட்டியிருப்பார்கள். கழற்றிவிடாதீர்கள், அதைப் பார்த்துத்தான் யாராவது வழி சொல்வார்கள்.

அதே மாநாட்டுக்காரர்கள் மார்ச்சில் நடத்தும் கூட்டத்துக்கு உங்களுக்கு அழைப்பு வந்த விதம் எனக்கு இன்னும் ஆறவில்லை. "அன்று திரையில் உறைந்து நின்ற அம்மையாரை அழைக்க விரும்புகிறோம்." பெயர்கூடத் தெரியாமல் உங்களைக் கூப்பிடுகிறார்கள். என் பெயர் அவர்களிடம் விலாசத்தோடு இருக்கிறது. அதிகாரி வந்து டேங்க்கைப் பார்த்துவிட்டு ஒரு வருஷத்துக்கு அனுமதி கொடுத்தபோதும், கடிதத்தில் உங்களைத்தான் பாராட்டியிருந்தார். சரி, விடுங்கள்.

நேற்று காலை காற்றடித்து ஆன்டெனா திரும்பிவிட்டது. பள்ளிக்கூடப் பக்கம் முழுக்கப் போய்விட்டது. போன் விடாமல் அடித்தது. எல்லாருக்கும், "டவரம்மா ஊர்ல இல்ல, வந்ததும் பாப்பாங்க" என்றேன். ஒரு டீச்சர் மட்டும், "நீங்க யாருமே இல்லையா?" என்று கேட்டார். திட்டவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது.

அண்ணனைக் கேட்டேன். "நான் பஸ் படிக்கு மேல ஏறினதே இல்ல, ஆள விடு" என்றார். உங்கள் பெல்ட்டை எடுத்து மாட்டினேன். நீங்கள் சொல்லிக் கேட்டதை எல்லாம் ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஏறினேன். ஒரு கொக்கி மாட்டாமல் மறு கொக்கியைக் கழற்றாதே. கீழே பார்க்காதே. ஏணியின் பாதியில் நின்று அண்ணனிடம், இறங்கிவிடுகிறேன் என்று கத்தினேன். அண்ணன், "எறங்கு எறங்கு" என்றார். இறங்கத் தெரியவில்லை. அதனால்தான் மேலே போனேன், வேறு வீரம் ஒன்றும் இல்லை.

கம்பத்தில் நீங்கள் அடையாளத்துக்கு வரைந்திருந்த சிவப்புக் கோட்டுக்கு நேராக ஆன்டெனாவைத் திருப்பி முடுக்கினேன். கீழே அம்மா, "வந்துருச்சு, வந்துருச்சு" என்று கத்தினாள்.

அப்புறம்தான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். அங்கிருந்து தெருமுனை தெரிகிறது. கார் திரும்புகிற இடம் வரை. அன்றைக்கு ஆன்டெனாவில் கோளாறு இல்லை, சும்மாதான் ஏறினேன் என்று எழுதினீர்களே. நீங்கள் நான் போவதைப் பார்த்துக்கொண்டா இருந்தீர்கள்?

கையாட்டியிருக்கலாம் அண்ணி. நான் திரும்பித் திரும்பி வீட்டு வாசலைத்தான் பார்த்துக்கொண்டு போனேன்.

அண்ணன் படம் எடுத்திருக்கிறார். முதுகுதான் தெரிகிறது. யாரும் நான் என்று நம்பப் போவதில்லை, இருந்தாலும் அனுப்புகிறேன்.

பட்டாணி


மார்ச் 16

பட்டாணிக்கு,

என் பெல்ட்டைத் தொட உனக்கு யார் அனுமதி கொடுத்தது? நான் பக்கத்தில் நிற்கும்போது ஏறச் சொன்னேனே தவிர, நான் ஊரில் இல்லாதபோதா? கீழே உன் அண்ணனை வைத்துக்கொண்டா? அந்த மனுஷன் இறங்கு என்று சொல்வதைத் தவிர என்ன செய்வார்? படத்தைப் பார்த்ததும் ஒரு கூட்டத்தின் நடுவில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மஞ்சள் பொட்டைப் பார்த்து ஒரு பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

வலது பக்கக் கொக்கி சரியாக மாட்டியிருக்கிறாய். இடது தோள் பட்டை தளர்ந்திருக்கிறது.

இங்கே எல்லாம் நீ எழுதின மாதிரிதான். ஹெட்போன், பேட்ஜ், எந்த அறையில் இருந்தாலும் பக்கத்து அறையில் முக்கியமானது நடக்கிறது. கோட்டின் கை உன் அளவுக்கு இழுத்துவிட்டிருக்கிறது, எனக்கு விரல் வரை தொங்குகிறது. இத்தனை வருஷம் கேட்ட நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்துகொண்டு, எங்கள் டேங்க் மேலே இப்போது வேறு ஒருத்தி நிற்கிறாளே என்றுதான் நினைப்பு ஓடுகிறது. என்னை என்ன செய்வது, சொல்.

நேற்று என் முறை வந்தது. காற்றின் வேகம், கம்பத்தின் எடை எல்லாம் சொன்னேன். நான் அன்றைக்கு எழுதின மாதிரியே தூங்கினார்கள். கடைசியில் உன் அண்ணன் எடுத்த படத்தைப் போட்டேன். எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். முன் வரிசையில் ஒருவர், "அது நீங்கதானே?" என்று கேட்டார்.

அந்தப் பார்வை என்று எழுதியிருந்தாயே, அது அப்போது என் மேல் விழுந்தது. ஊரில் தினமும் விழுகிறதுதான், நான் கவனித்ததே இல்லை. நன்றாகத்தான் இருக்கிறது. அதே பெல்ட், அதே ஹெல்மெட். ஆமாம் என்று சொன்னால் யாருக்குத் தெரியப் போகிறது? வாய் வரைக்கும் வந்துவிட்டது பட்டாணி.

"இல்ல, அது என் நாத்தனார்" என்றேன். "ஏறவே பயப்படுவா. ஏறிட்டா."

அப்புறம் அவர்கள் உன்னைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு மிச்சமிருந்த நேரமும் அதிலேயே போய்விட்டது.

ஆமாம், அன்றைக்கு நீ போவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு கையாலும் கம்பத்தைப் பிடித்திருந்தேன், அதனால் ஆட்டவில்லை. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

நாளை மறுநாள் சாயங்காலம் வீட்டுக்கு வருகிறேன். ஏழு மணிக்கு வீடியோவில் கூப்பிட்டு வழியெல்லாம் பேசலாம் என்று நினைக்காதே, நம்ம வீடு கடைசி. தெருமுனைக்கு வந்து நில்.

அந்தப் பழைய புகார் சரியாயிடுச்சு. மூடிவிடு. பெல்ட்டை எடுத்த இடத்தில் வை.

அண்ணி